இரண்டாவது பெயர்

1997 தேர்தலுக்குக் கட்சியின் வேட்பாளரைத் தெரிவுசெய்யும் கூட்டம். மோர்னிங்சைட் பகுதியிலிருந்து நாற்பது தமிழ் அங்கத்தவர்களை வான்களில் ஏற்றி வந்திருந்த வரதராசன், நாட்டையே தூக்கி வந்தவர்போல மூச்சுவிட்டார். போட்டியிட்ட மூவரில் லோயர் செல்வநாயகம் வென்றால் அவருடைய ஒஃபிசில் இவருக்கு ஒரு கதிரை நிச்சயம்.

"அன்ரி, விளங்கிச்சுதோ?" என்று வானில் வந்திருந்த வயதான பவளமலரிடம் ஐந்தாவது தடவையாகக் கேட்டார். "பேப்பரில மூண்டு பேர் இருக்கும். வாசிச்சு மினக்கெடாதேங்கோ, உங்களுக்கு இங்கிலீசு கரைச்சல். இரண்டாவது பேருக்குப் புள்ளடி போடுங்கோ. யோசிக்கிற வேலையை நான் பாக்கிறன்."

"ஓம் தம்பி."

முதல் சுற்றில் ஒருவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. கடைசியாக வந்தவரை நீக்கிவிட்டு, உடனே மறு வாக்கெடுப்பு என்றார்கள்.

"முதல் போட்ட மாதிரித்தான், இரண்டாவது!" என்று வரதராசன் வாசலில் நின்று இரண்டு விரலைக் காட்டினார்.

செல்வநாயகம் தோற்றார். நீக்கப்பட்டவருடைய பெயர்தான் தாளில் முதலாவதாக இருந்ததாம். அது போனதும் செல்வநாயகம் முதலாவதாகிவிட, இரண்டாவது இடத்தில் எதிராளி இருந்திருக்கிறார்.

"ஐயோ அன்ரி, பேரை ஒருக்கா வாசிச்சிருக்கலாமே!"

"வாசிச்சனான் தம்பி. முப்பது வருசம் இங்கிலீசு படிப்பிச்சனான் எல்லோ," என்றார் பவளமலர். "நீர் யோசிக்க வேண்டாமெண்டீர், சொல்வழி கேட்டனான். அதுசரி, நீர் ஆருக்குப் போட்டனீர்?"

வரதராசன் தலையைச் சொறிந்தார். அவரும் இரண்டாவது பெயருக்குத்தான் போட்டிருந்தார்.