டேரனைக் கோட்டை விட்டவர்

தீர்ப்பை வாசித்துவிட்டுத்தான் லோர்ன் டிராஸ்க் விசாரணையைத் தொடங்கினார்.

"நேயர்களே, இதோ என் முன்னால உக்காந்திருக்காரே, இவர்தான் வெண்டல் ஃப்ரீசன். பத்து வருஷத்துக்கு முந்தி டிராஃப்ட்ல நம்ம டேரன் ஸ்மோலிக்கைக் கோட்டை விட்ட ஸ்கவுட். கண்ணு ரெண்டும் இருக்கு. நானே பக்கத்துல பாத்துட்டேன்."

எல்க் ரிட்ஜ் ஐஸ் ஹாக்கி அரங்கின் முன்கூடத்தில் கூடியிருந்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். லோர்னின் சனிக்கிழமை காலை ரேடியோ நேரலை. போன வாரம்தான் டேரன் வேறொரு கிளப்பின் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கியிருந்தான். ஊரே குளிர்ந்து போயிருந்தது, கோபத்தில் மட்டும் சூடாக இருந்தது.

வெண்டல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பனியிலும் காற்றிலும் ஊர் ஊராகக் காரோட்டிப் போய், எந்தப் பையன் தேறுவான், இளம் வீரர்களைக் கிளப்புகள் பங்குபோட்டுக்கொள்ளும் டிராஃப்ட்டில் யாரை எடுக்கலாம் என்று கிளப்புக்குச் சொல்வது அவர் வேலை. அந்த வேலை இனி இருக்குமா என்பது திங்கட்கிழமை தெரியும். 'அதுக்கு முந்தி அந்த ரேடியோக்காரர் வாயை அடைச்சுட்டு வாங்க' என்று கிளப் மேனேஜர் அனுப்பியிருந்தார். அந்த வாயை இதுவரை யாரும் அடைத்ததாகத் தகவல் இல்லை.

"அன்னிக்கு டிராஃப்ட்ல எல்லா கிளப்பும்தானே அவனை விட்டுச்சு, லோர்ன்..."

"மத்த கிளப்போட கண்ணை மத்த ஊர் ரேடியோ பரிசோதிக்கும். நீங்க உங்க கண்ணுக்குப் பதில் சொல்லுங்க. டேரனை விட்டுட்டு யாரை எடுத்தீங்க? கொஞ்சம் சத்தமா."

"பிரைஸ் கால்டர்."

"பிரைஸ் கால்டர்!" லோர்ன் மேசையைத் தட்டினார். "இப்ப எங்க இருக்காரு? ரோட்ல பனி தள்ளுற வண்டி ஓட்டிக்கிட்டு இருக்காரு! அவருக்குப் பின்பக்கமா சறுக்கத் தெரியாதுங்கிறது கண்ணு தெரியாதவனுக்கும் தெரியுமே, சார்!"

தொலைபேசியில் ஒரு பல் டாக்டர் வந்தார். டேரனின் கடைவாய்ப் பல்லைப் பார்த்தபோதே தனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்றார். அன்று டேரன் இந்த ஊர்ப் பையன்கள் அணியில் ஆடும்போது அரங்கில் பாதி நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன. அவனை அன்றைக்கே அடையாளம் கண்டுகொண்டதாகச் சொல்பவர்களை இன்று கூட்டினால் அரங்கு கொள்ளாது.

"நான் ஒருத்தன் போதாதா?" என்றார் லோர்ன். வெளியூரிலிருந்து ஆட வரும் பையன்களை ஆளுக்கொருவராக வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போடுவது ஊர் வழக்கம். "ரெண்டு சீசன் என் வீட்டு மேசையில சாப்பிட்ட பையன், சார். ஃப்ரிட்ஜுல ஒரு நாளாவது பால் மிஞ்சியிருக்குமா? அவன் முட்டையை முழுங்குற வேகத்துலயே நான் கேப்டனைப் பாத்துட்டேன்!"

முன்கூடம் அதிர்ந்தது. கேன்டீனில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி மார்லீன் மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்த வெண்டல் மெல்லச் சொன்னார். "டிராஃப்டுக்கு முந்தின நாள் வரைக்கும் டேரன்தான்னு இருந்தேன்."

"அப்புறம் என்ன, கண்ணுல தூசி விழுந்துருச்சா?"

"ஆட்டத்தை நான் பாத்துக்குவேன். ஆள் எப்படின்னு ஊருக்குள்ளதானே கேக்கணும்? வழக்கம்போல ஒருத்தருக்கு போன் போட்டு விசாரிச்சேன்."

"என்ன சொன்னான் அந்த மகானுபாவன்?"

"'பெருந்தீனிக்காரன், பகல் பூரா தூங்குவான், இவனை எடுக்குறது தண்டம். பேசாம பிரைஸை எடுங்க. பத்து வருஷம் கழிச்சு எனக்கு நன்றி சொல்வீங்க'ன்னாரு."

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. லோர்ன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"கோச்சுதானே? அந்தப் பொறாமை பிடிச்சவன்தானே?"

"அவர் இல்ல."

"பின்ன எந்த மடையன்?"

"விடுங்க, லோர்ன். சொன்னது அவரா இருந்தாலும் நம்புனது நான்தான். அவரும் இந்த ஊர்லதானே குடியிருக்கணும்."

"உங்க வேலையே போகப் போகுது, நீங்க யாருக்கோ குடை பிடிக்கிறீங்க!" லோர்ன் மைக்கைக் கையில் பிடுங்கிக்கொண்டார். நியாயம் கேட்பதற்கென்றே பிறந்தவர் போலக் குரல் தழுதழுத்தது. "நேயர்களே, தீர்ப்பை மாத்துறேன். குற்றவாளி இவர் இல்ல. இந்த நல்ல மனுஷனோட கண்ணைக் கட்டிவிட்ட ஒருத்தன் நம்ம நடுவுலயே திரியுறான். டேரனைக் கைவிட வெச்சதும் அவன்தான், பிரைஸை எடுக்க வெச்சதும் அவன்தான். வெண்டலை வேலையை விட்டு அனுப்பக் கூடாது. மேனேஜர் சார் கேட்டுக்கிட்டு இருப்பீங்க, நல்லாக் கேட்டுக்குங்க!"

கைதட்டல் ஓயவே இல்லை. லோர்னுக்கு அது போதவில்லை.

"அந்த முட்டாளுக்கு இனிமே இந்த ஊர்ல ஒருத்தரும் ஒரு வாய் காப்பி குடுக்கக் கூடாது! பேர் தெரிஞ்சவங்க இப்பவே வாங்க, இதே மைக்ல சொல்லுங்க!"

மார்லீன் இரண்டு கோப்பைக் காப்பியோடு வந்தாள். ஒன்றை வெண்டலின் முன்னால் வைத்தாள். லோர்ன் மற்றதற்குக் கை நீட்டினார். அவள் அதையும் வெண்டலின் பக்கமே நகர்த்தி வைத்துவிட்டு, மைக்கை நோக்கிக் குனிந்தாள்.

"அன்னிக்கு நம்ம வீட்டு போனை எடுத்தது நீதானே, லோர்ன்?"