தொட்டிக்குள் ஒன்பது பேர்

“அவங்க பேரு இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லிடுங்க நானா!”

கணினி அறை வாசலில் நின்று கதறினாள் நூருன்னிசா. சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கில், இந்த அறையைக் கவனிக்கும் நூருல் அமீனுக்குப் பக்கத்து வீடு. அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவாள். அவள் கணவன் அஹமது கபீர் இதே கப்பல் பட்டறையில் வெல்டர்.

காலை ஒன்பதரைக்கு எண்ணெய்க் கப்பலின் தொட்டிக்குள் வெடி விபத்து. உள்ளே இருந்தது யார் யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கார்டைத் தேய்த்துவிட்டுத்தான் தொட்டிக்குள் இறங்க வேண்டும், எல்லாம் பதிவாகியிருக்கிறது. அதைப் படித்துப் பட்டியல் போடும் புரோகிராமைத்தான் கணினியில் இன்னும் ஏற்றவில்லை. ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று சொல்ல எல்லா ஆபீசிலும் ஓர் ஆள் உண்டு. இங்கே அந்தப் புண்ணியவான் அமீனேதான்.

ஃப்ளாப்பியைச் செருகினார். திரையில் மறுபடியும் அதே பிழை.

“என்ன சொல்லுது?” என்றார் மேலாளர் பெர்னார்ட்.

“நம்ம மெஷின்ல இருக்கிற பேசிக் மொழி பழைய வெர்ஷன் சார். புரோகிராம் புது பேசிக்ல எழுதினது. முதல்ல அதை ஏத்தினாத்தான் இது ஏறும்.”

“ஏத்து லா! எத்தனை பேரைத் தேடணும்னு தீயணைப்புக்காரங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க!”

புது பேசிக் ஒரு மாதமாக உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது. தன்னையே திட்டிக்கொண்டு கிழித்தார். அது ஏறுவதற்குள் வாசலுக்கு வந்தார்.

“அழாதேம்மா. கபீர் வேற கப்பலுக்குப் போயிருப்பான். அல்லாஹ் கைவிட மாட்டான்.”

“இப்ராஹீம் வீட்டுல இருக்காரா நானா?” என்றாள் அவள்.

அமீனின் தம்பி இப்ராஹீமும் இங்கே வெல்டராக இருந்தவன்தான். போன மாத ஆள்குறைப்பில் வேலை போயிற்று. அன்றைக்கு வயிறெரிந்த அமீன், இன்றைக்கு அதற்காக இறைவனுக்கு நன்றி சொன்னார். சொன்ன கையோடு, அழுதுகொண்டிருந்தவளைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

“நான் கிளம்பும்போது தூங்கிட்டிருந்தான். ஏம்மா, துணைக்கு வரச் சொல்லவா?”

அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

உள்ளே புது பேசிக் ஏறிவிட்டது. புரோகிராமும் இந்தமுறை முரண்டு பிடிக்கவில்லை. பிரிண்டர் கரகரவென்று அடிக்க, ஒவ்வொரு பெயராக வெளியே வந்தது. ஏழாவது பெயரை அமீன் இரண்டு முறை படித்தார்.

அஹமது கபீர். எட்டு மணி ஐந்து நிமிடம்.

பெர்னார்ட் தாளைப் பிடுங்கி எண்ணிவிட்டு வாக்கி-டாக்கியில் கத்தினார். “மொத்தம் ஒன்பது பேர்!”

எதிர்முனையில் தீயணைப்பு அதிகாரி. “அப்போ தேட வேண்டியதில்ல சார். ஒன்பது உடலும் எடுத்தாச்சு.”

அமீன் வெளியே வந்தார். அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

“கபீர் பேரு இருக்கும்மா... மனசைத் தேத்திக்க.”

நூருன்னிசா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

“அவங்க காய்ச்சலா வீட்டுல படுத்திருக்காங்க நானா. லீவு போட்டா தன்னையும் ஆள்குறைப்புல அனுப்பிடுவாங்கன்னு பயந்து... காலையில அவங்க கார்டோட உள்ள போனது உங்க தம்பி.”