அடக்கியும் பெருக்கானும்

ஒரு கட்டைவிரலில் கத்தி பட்டுத் தோல் பிளந்தது. அங்கே குடியிருந்த செல்கள் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, ஐந்தே நாளில் காயத்தை மூடிவிட்டன.

உடனே அடக்கி வந்தது. அது செல்களின் உடம்பிலேயே ஊறும் ஒரு சாறு. "வேலை முடிஞ்சுது, இனிமே யாரும் பெருக வேண்டாம்" என்றது. எல்லாச் செல்களும் அடங்கின. பெருக்கான் என்ற செல் மட்டும் கேட்கவில்லை.

"எனக்குப் பிள்ளைங்கன்னா உசுரு. அதைக் கேக்க நீ யாரு?"

"அக்கம்பக்கத்துல எல்லாரும் நசுங்குறாங்கண்ணே. இப்படியே போனா விரலுக்கே ஆபத்து."

"உன் ஒரு துளி என்னை என்ன செஞ்சிடும்?" என்று சிரித்த பெருக்கான், அன்றே எட்டுப் பேராகப் பெருகினான். மறுநாள் அறுபத்து நாலு. பக்கத்துச் செல்கள் மூச்சு முட்டி அழுதன.

மூன்றாம் நாள் பெருக்கான் மறுபடி இரண்டாகப் பிரியத் தொடங்கியபோது, பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"அப்பா, போதும்!"

அத்தனை பேர் உடம்பிலும் ஆளுக்கு ஒரு துளியாக அடக்கி ஊறி வழிந்தது. பாதி பிரிந்த பெருக்கான் அப்படியே நின்றுவிட்டான்.

"யாரைக் கேட்டுடா இதை ஊற வெச்சீங்க?"

"யாரையும் கேக்கலப்பா, தானா ஊறுச்சு" என்றான் கடைசிப் பிள்ளை. "முதல்ல என் தலையிலிருந்து இறங்குங்க."