ஒரு எழுத்துகூட விடாமல்

பைக்குள் கையை விட்ட ஞானகுமாரிக்கு உயிரே போய்விட்டது.

கவுன்சிலர் ஆனந்தனுக்காக அவள் எழுதிய பேச்சு, இரண்டு தாளும், பைக்குள்ளேயே இருந்தது. அவரோ மைக் முன்னால் போய் நின்றுவிட்டார்.

அப்படியென்றால் அவர் கையில் கொடுத்தது? பாடியில் அவள் வேலை பார்க்கும் அச்சகத்தில் காலையில் பிழை திருத்திய மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழ்!

அதே வெள்ளைத் தாள். சொந்தக்காரர்கள் பெயர் நிரம்பி வழிந்ததில் அதுவும் இரண்டு தாள். அவசரத்தில் மாற்றிக் கொடுத்துத் தொலைத்திருக்கிறாள்.

மண்ணூர்பேட்டையில் தண்ணீர்த் தொட்டித் திறப்பு விழா. மேடையில் அமைச்சர் உட்கார்ந்திருந்தார். இன்று நன்றாகப் பேசிவிட்டால் அடுத்த தேர்தலில் ஆனந்தனுக்கு சீட்டு என்று பேச்சு அடிபட்டது. சொதப்பினால் ஊரே சிரிக்கும். எட்டு வருடமாக எழுதிக் கொடுக்கும் அவள் தலைதான் முதலில் உருளும்.

ஓடிப்போய்த் தாளை மாற்றலாம் என்றால் நடுவில் போலீஸ் கயிறு கட்டியிருந்தது.

ஆனந்தன் கண்ணாடியை மாட்டினார். தாளைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

‘எங்கள் அன்புச் செல்வி’ என்று ஆரம்பிக்கப் போகிறார். ஞானகுமாரி கண்ணை இறுக மூடிக்கொண்டு வேளாங்கண்ணி மாதாவைக் கூப்பிட்டாள்.

குடம் தூக்கித் தூக்கி இடுப்பொடிந்த தாய்மார்களே என்று கணீரென்று கேட்டது.

அவள் எழுதிய முதல் வரி! கைதட்டல் பந்தலைத் தூக்கியது.

அடுத்த வரியும் அவளுடையதுதான். அதற்கடுத்ததும்.

அப்பாடா! மனுஷன் மொத்தத்தையும் மனப்பாடம் செய்துவிட்டாரே! போன உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றாகப் பார்த்தாள்.

அவருடைய விரல் தாளில் வரிவரியாக நகர்ந்துகொண்டிருந்தது. வாய் புதுக் குழாயைப் பற்றிப் பேசியது, விரல் தாய்மாமன்கள் பெயரைத் தடவியது. சரியான இடத்தில் பக்கத்தையும் திருப்பினார். முகத்தில் துளிக் குழப்பம் இல்லை.

ஒவ்வொரு பேச்சையும் அவளையே மூன்று முறை வாசிக்கச் சொல்வார். அவள் குரலில் கேட்டால்தான் மண்டையில் ஏறுகிறதாம். சொந்தமாகப் படிக்க இவருக்கு என்ன கேடு, பெரிய மகாராஜா என்று கணவர் ஜாபஸிடம் அவள் எத்தனை நாள் பொரிந்திருக்கிறாள்!

நினைக்க நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பேச்சு முடிந்ததும் அமைச்சர் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார். படியிறங்கி வந்தவரிடம் நிருபர் லோகேஷ் பேச்சின் நகல் கேட்டுக் கையை நீட்ட, ஆனந்தன் பெருமையாகத் தாளை நீட்டினார்.

ஞானகுமாரி பாய்ந்துபோய் நடுவிலேயே அதைப் பிடுங்கினாள். அதில் ஒரே அடித்தல் திருத்தல் என்று சொல்லி, பையிலிருந்ததை எடுத்து நிருபரிடம் கொடுத்தாள். பிடுங்கியதை நான்காக மடித்துப் பைக்குள் திணித்தாள்.

ஆனந்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி அவளைப் பார்த்துச் சிரித்தார்.

“இன்னா ஞானம்மா, ஒரு எழுத்துகூட உடாம படிச்சிட்டேன்ல?”

“ஒண்ணுகூட உடலண்ணே.”