திரையில் தவறிய பந்து

கல்லூரிக் கூடைப்பந்தில் எந்தக் காலத்து அணி பெரியது என்ற சண்டையை இப்போதெல்லாம் இயந்திரம்தான் தீர்த்துவைக்கிறது. பழைய அணியையும் புதிய அணியையும் கணினி உருவங்களாக்கித் திரையில் மோதவிடுகிறார்கள். முப்பது வருடங்களுக்கு முன் கோப்பை வென்ற செண்பகவல்லியின் பாளையங்கோட்டை அணி, அப்படித்தான் இன்றைய அணியிடம் ஒரு புள்ளியில் தோற்றது. கடைசிப் பந்தைத் திரையில் இருந்த இளம் செண்பகவல்லி தவறவிட்டாள்.

நிஜ இறுதிப் போட்டியிலோ, கடைசிப் பந்தைக் கூடையில் போட்டு ஜெயிக்கவைத்ததே அவள்தான். "பொம்மையாட்டம்" என்று சிரித்துக்கொண்டாள்.

மறுவாரம் மீன்கடைக்காரர், "முப்பது வருசத்துக்கு முன்னாடி பைனல்ல அந்தப் பந்து மட்டும் விழுந்திருந்தா கப்பு நமக்குத்தானேக்கா!" என்று உச்சுக்கொட்டினார். அவள் ஜெயித்த அன்று மைதானத்தில் நின்று விசிலடித்த கணவரும், "விடு, வெளையாட்டுன்னா அப்படித்தான்" என்றார். எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு சொல்வதுபோல் அவளுக்கு உறுத்தியது.

வென்ற கணத்தில் அவளைத் தூக்கிச் சுற்றிய தோழி ஜெசிந்தாவுக்குப் போன் செய்தாள்.

"நீயாவது சொல்லுட்டி, அந்தப் பந்து விழுந்துச்சா இல்லையா?"

ஜெசிந்தா சமாதானம் சொன்னாள். "இத்தனை வருசம் கழிச்சு எதுக்குட்டி அது? உம்மேல எனக்கு அன்னைக்கே கோவம் கெடையாது."

போனை வைத்த செண்பகவல்லி தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முதன்முறையாக அந்தக் கையின் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்தது.