பெரியப்பா

துறைமுகத்தின் பகல் சங்கு ஊதி ஓய்கிறது. சண்டை முடிந்து கிடைத்த முதல் கப்பலில் சிங்கப்பூரிலிருந்து வந்த அருள்பிரகாசம், ராயபுரத்தில் தன் வீட்டு வாசலில் டிரங்குப் பெட்டியோடு நிற்கிறான். ஜப்பான் குண்டில் செத்தான் என்று நம்பி, அவன் ஆன்மாவுக்குப் பூசை வைத்துவிட்ட வீடு. உள்ளே மீன் அலசிக்கொண்டிருக்கிறாள் அவன் மனைவி அடைக்கலமேரி. அவள் கழுத்தில் இருப்பது அவன் தம்பி சிலுவைமுத்து கட்டிய தாலி. கைக்குழந்தையாக அவன் விட்டுப்போன ஃப்ளோரன்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்க்கிறாள். "யாரும்மா இவுரு?" கூரை இடுக்கு வெயிலில் மேரியின் மணிக்கட்டில் ஒட்டிய செதில்கள் மினுங்குகின்றன. கை நிற்கவில்லை. "பெரிப்பா. நைனாவோட அண்ணாத்த. தண்ணி மோந்து குடு." சிறுமி சொம்பை நீட்டி, அவன் முகத்தை அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறாள். "என்னிது மாதிரியே உனுக்கும் சப்ப மூக்கு, பெரிப்பா." அவன் குடிக்காமல் சொம்பைப் பிடித்திருக்கிறான். "மேரி" என்கிறான். அவள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்கிறாள். இந்தத் தெருவில் தம்பி மனைவி கணவனின் அண்ணனிடம் நேராகப் பேசுவதில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி மகளிடம் சொல்கிறாள்: "திரும்பிப் போற கப்பலு என்னிக்குன்னு பெரிப்பாவக் கேளு."