கறுப்புத்தாள் ஒட்டிய கோட்டை

மூன்றாவது ஜன்னலை வெட்டும்போது அருள்பிரகாசத்துக்குக் கண் சொக்கியது. சவர பிளேடு நழுவி, அட்டையோடு கட்டைவிரலையும் பதம் பார்த்தது.

விரலை வாயில் வைத்துக்கொண்டே மிச்சத்தை வெட்டினான். ராத்திரி முழுக்கத் துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற விஞ்சு ஓட்டிவிட்டு விடிந்து வந்தவன் இன்னும் பாயைக்கூட விரிக்கவில்லை.

எதிரே ஆறு வயது மகள் எல்சி பசைக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பிஸ்கட் டின் மூடியில் இருக்கிற சீமைக் கோட்டை மாதிரியே வேண்டும். அதுதான் பேச்சு.

சாயங்காலம் ரயில். மனைவி சிலுவையம்மாளும் எல்சியும் வேலூரில் பெரியம்மா வீட்டுக்குப் போகிறார்கள். ஈஸ்டர் அன்றைக்கு ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டானாம், அடுத்தது மெட்ராஸ்தானாம். ராயபுரமே சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தது.

துறைமுகத்து ஆட்கள் மட்டும் நகரக்கூடாது என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். குண்டு விழுந்தாலும் கப்பல் வந்தால் சரக்கு இறங்கியாக வேண்டுமே.

இதை எல்சியிடம் யார் சொல்வது? நைனா இல்லாமல் தெருமுனையைக்கூடத் தாண்டாத பிள்ளை. தெரிந்தால் ரயிலேற மாட்டாள், வாசற்காலைக் கட்டிக்கொண்டு ஊரைக் கூட்டிவிடுவாள்.

அதனால் அருள்பிரகாசம் வாய் கூசாமல் ஒரு பொய் சொல்லிவைத்திருந்தான். நீங்கள் முன்னால் போங்கள், நாளைக்கே நானும் வந்துவிடுவேன், ரயிலில் விளையாடிக்கொண்டு போக ஒரு கோட்டை செய்து தருகிறேன்.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற இப்போது கோட்டை கட்டவேண்டியிருந்தது.

கப்பல் சரக்கில் நசுங்கிய அட்டைப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தான். நாலு சுவர், மூலைக்கு ஒரு கோபுரம், சட்டென்று முடித்துவிட்டுப் படுக்கலாம் என்று பார்த்தால் எல்சி விட்டால்தானே.

சுவர் மெலிசாக இருக்கிறதாம். உள்பக்கம் இன்னொரு சுவர் ஒட்டச் சொன்னாள். ஒட்டினான். கூரை ஒன்று போதாதாம். அதன்மேல் இன்னொன்று போட்டான்.

அப்புறம் பழைய வேட்டியைக் கிழித்து, தெரு மணலைச் சின்னச் சின்ன மூட்டையாகக் கட்டிக் கோட்டையைச் சுற்றி அடுக்கினாள், துறைமுக வாசலில் அடுக்கியிருக்கிறார்களே, அந்த மாதிரி. வீடெல்லாம் மணல்.

"ரயில்ல இத்த யாரு தூக்கினு போறது? கொஞ்ச நேரமாச்சும் தூங்கேன்யா" என்றாள் சிலுவையம்மாள், துணி மூட்டையை முடிந்தபடி.

அவன் காதில் வாங்கவில்லை. கதவுக்கு நூல் கட்டி, ஏற்றினால் சாத்திக்கொள்ளவும் இறக்கினால் திறக்கவும் செய்துகொண்டிருந்தான். அதில் மட்டும் அவனுக்கே கொஞ்சம் பெருமை. விஞ்சுக்காரன் அல்லவா.

எல்சி "ஹபேஸ்" என்றால் கதவு மேலே போகும், "ஆரியா" என்றால் கீழே இறங்கும். கப்பலில் சரக்கைத் தூக்கவும் இறக்கவும் போடுகிற சத்தம். பிள்ளைக்கு அ, ஆ தெரிவதற்கு முன்னாலேயே இது தெரியும்.

நூலை முடிந்துவிட்டு நிமிர்ந்தான். அவன் விரலைக் கொடுத்து வெட்டிய ஜன்னல் ஒவ்வொன்றின்மேலும் எல்சி கறுப்புத்தாளை ஒட்டிக்கொண்டிருந்தாள். ராத்திரியில் வெளிச்சம் வெளியே தெரியாமலிருக்க வீட்டு ஜன்னலுக்கு ஒட்டியதில் மீந்த தாள்.

அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மூடுவதற்கு எதற்காக வெட்டச் சொன்னாய் என்று கத்தப்போனவன் அடக்கிக்கொண்டான். பாவம், கொஞ்ச நாளாகத் தெருவெல்லாம் இப்படித்தானே கிடக்கிறது. ஜன்னல் என்றாலே இதுதான் என்று நினைத்துவிட்டதுபோல.

உச்சியில் குத்தக் காகிதக் கொடி வெட்டிக் கொடுத்தான். வேண்டாம் என்று தள்ளிவிட்டாள்.

முக்காலியை இழுத்துப்போட்டு ஏறி, வாசல் நிலையில் செருகியிருந்த குருத்தோலைச் சிலுவையை உருவிக்கொண்டு வந்தாள். குருத்து ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துக் கொடுத்தது. வீட்டுக்குக் கெடுதல் அண்டாமலிருக்க, அடுத்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம் வரும்வரைக்கும் அது அங்கேதான் இருக்கவேண்டும். அதைக் கோட்டை வாசலுக்கு மேலே ஒட்டினாள்.

சிலுவையம்மாள் கை ஓங்கினாள். அருள்பிரகாசம் குறுக்கே விழுந்து தடுத்தான். கிளம்புகிற நேரத்தில் பிள்ளையை அழவைப்பானேன். அதோடு, சண்டை போடவும் அவன் உடம்பில் தெம்பில்லை.

பேசிவைத்திருந்த பரசுராமனின் குதிரை ஜட்கா வந்து நின்றது. மூட்டைகள் ஏறின, சிலுவையம்மாள் ஏறினாள், எல்சி மறுபேச்சில்லாமல் ஏறிக்கொண்டாள். ஸ்டேஷன்வரை போக அவனுக்கு நேரமில்லை. இன்றைக்கும் ராத்திரி வேலை.

பசை காயாத சுவர் பிரிந்துவிடாமல் இரண்டு கையாலும் கோட்டையைத் தாங்கி வந்து வண்டியில் நீட்டினான்.

எல்சி கையை நீட்டவில்லை.

"வேலூர்ல குண்டு போட மாட்டான்னு அம்மா சொல்ச்சு. இது எனக்கு வாணாம் நைனா. நீ உள்ள இருந்துக்கோ."

சுவருக்குள் சுவர், கூரைமேல் கூரை, மணல் மூட்டை, கறுப்புத்தாள். அவன் வரப்போவதில்லை என்று எப்போதிருந்து அவளுக்குத் தெரியுமோ.

"நாளைக்கு வந்துடுவேன்மா" என்றான் அப்போதும்.

எல்சி அவனைப் பார்த்துச் சரியென்று தலையாட்டினாள். அவன் மனசு நோகக்கூடாதே என்று ஆட்டிய மாதிரி இருந்தது.

ஜட்கா முனை திரும்பி மறைந்தது. எல்சியின் குரல் மட்டும் கேட்டது.

"ஹபேஸ்."

அருள்பிரகாசம் கோட்டையை வாசல்படியில் இறக்கி வைத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு நூலை இழுத்தான். கதவு மேலே போய்ச் சாத்திக்கொண்டது.